காற்றில் இருந்த ஆக்சிஜன்

இன்று காலை அடுப்புக்குப் புது சிலிண்டர் மாட்டினேன். ரெகுலேட்டரைப் பொருத்திவிட்டு, பாத்திரம் துலக்கும் சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, நுரையை வால்வைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். குமிழ் கிளம்பாமல் நுரை அடங்கினால் கசிவு இல்லை என்று அர்த்தம். சிலிண்டர் கொண்டுவந்து போடுகிறவர்கூட இதைச் செய்வதில்லை. என் வீட்டில் எல்லாருக்கும் இது சிரிப்பு. உன்னோடு வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், விட மாட்டேன் என்கிறது. விரலில் அந்த வழுவழுப்பும் எலுமிச்சை சோப்பு வாசனையும் பட்டதும், "போதும்டி, இன்னா அதுக்குத் தல குளிப்பாட்டிகினு கீற?" என்று நீ பின்னால் நின்று கேட்டாற்போலவே இருந்தது.

நுரையைத் துடைப்பதற்குள் வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தால் உன் அண்ணன்.

நீ போய் ஒரு வருடம் ஆகிறதாம். போன வாரம்தான் என்பது போலவும் இருக்கிறது, எப்போதோ என்பது போலவும் இருக்கிறது. செய்யூரில் உங்கள் வீட்டில் நடக்கும் நினைவு ஜெபத்துக்கு அழைக்க வந்திருந்தார். அட்டையில் உன் படம் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூட அடையாள அட்டைக்கு எடுத்ததாக இருக்க வேண்டும், முறைத்துக்கொண்டிருக்கிறாய். காபி கொடுத்தேன். குடித்தார். டம்ளரை வைத்த பிறகும் எழுந்திருக்கவில்லை. இத்தனை வருடம் உன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாதவர், உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதுகூடத் தரையையே பார்த்தவர், என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, உன்ன ஒண்ணு கேக்கணும். அன்னிக்கி கம்பெனில அவ அந்த சிலிண்டர ஏன் தொறந்து வுட்டா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருக்குத் தெரியும் என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவர் கிளம்பிப் போனதிலிருந்து தலைக்குள் ஒரே குழப்பம். சமையலும் ஓடவில்லை. இதை யாரிடம் போய்க் கேட்பது? உன்னிடம் கேட்க வேண்டியதை உனக்குத்தானே எழுத வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. மறைமலைநகர் தாண்டி, தகரக் கூரை போட்ட அந்த வாயு நிரப்பும் கம்பெனி. நான் பரிசோதனைக் கூடத்தில், நீ நிரப்பும் ஷெட்டில். ஷெட்டில் வேலை பார்த்த ஒரே பெண் நீதான். கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்த என்னை "டவுன்ஷிப்பு" என்றுதான் கூப்பிடுவாய். நெல்லைப் பக்கத்து அப்பாவுக்குப் பிறந்து, மாற்றலில் வந்தவர்களின் பிள்ளைகளோடு படித்த என் தமிழ் உனக்கு நியூஸ் வாசிப்பது மாதிரி இருந்ததாம். உங்கள் வீட்டில் அதுவரை எல்லாரும் மற்றவர்கள் நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள். முதல் பட்டதாரி நீ. அதைப் பெருமையாகவும் சொல்ல மாட்டாய், குறையாகவும் சொல்ல மாட்டாய். "பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, ஸ்பேனர் புடிக்கிற வேல" என்று சிரிப்பாய்.

நமக்கு வந்த ஆர்டரெல்லாம் வெல்டிங்குக்கான கலவைதான். ஆர்கானோடு கார்பன் டை ஆக்சைடு. காலி சிலிண்டரில் முதலில் ஒரு வாயுவைக் கணக்குப் போட்ட அழுத்தம் வரைக்கும் ஏற்றி, அப்புறம் அடுத்ததைத் திறந்துவிட்டு மொத்த அழுத்தம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். வேகமாக ஏற்றினால் சிலிண்டர் சூடாகி, கேஜ் முள் பொய் சொல்லும். அதனால் கையை வைத்துப் பார்த்து, ஆறும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு படுக்கப்போட்டு உருட்ட வேண்டும். உருட்டாவிட்டால் இரண்டும் சீக்கிரத்தில் கலக்காது. புதிதாக வந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள், வாயுவைப் போய் உருட்டுவார்களா என்று கேட்பார்கள்.

பகுதி அழுத்த விதியை வைத்து நீ என்னோடு பிடித்த சண்டை நினைவிருக்கிறதா? கலவையில் உள்ள ஒவ்வொரு வாயுவும், அந்தச் சிலிண்டரில் தான் மட்டும் இருந்தால் எவ்வளவு அழுத்தம் தருமோ அவ்வளவே தரும். எல்லாவற்றையும் கூட்டினால் மொத்த அழுத்தம். இவ்வளவுதான் விதி. நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "ஒரே வூட்ல கீதுங்கோ, பக்கத்துல இன்னொண்ணு கீறதே தெரியாதாமா? எந்த ஊரு நியாயம்டி இது?" என்று கேட்டாய். முதுகலை படித்த நான் "விதி அப்படித்தான்" என்று சமாளித்தேன். கேள்வி கேட்டாயே தவிர, கணக்கு உனக்கும் சரி எனக்கும் சரி, தப்பியதே இல்லை. இருபது சதவீதம் வேண்டுமென்றால் மொத்த அழுத்தத்தில் இருபது சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு போடுவோம்.

அப்போதுதான் உன் அண்ணனுக்கு அந்த வாய்ப்பு வந்தது. முட்டுக்காட்டில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவர். சுற்றுலா வந்தவர்கள் தண்ணீரில் தவறவிட்ட வாட்ச், கண்ணாடி, செருப்பு எல்லாவற்றையும் மூழ்கி எடுத்துக் கொடுத்து, அதிலேயே பேர் வாங்கியவர். மகாபலிபுரம் பக்கம் ஒரு வெளிநாட்டுக்காரர் கடலுக்குள் ஆட்களை முக்கிக் காட்டும் தொழில் தொடங்க வந்திருந்தார். கூட மூழ்க ஓர் ஆள் வேண்டும். திருவிடந்தை மீனவர்கள் படகுக்கு ஒப்புக்கொண்டார்கள். வெளிநாட்டுக்காரர் உன் அண்ணனைப் பிடித்துப்போய், சீசன் முழுக்க வேலை என்று சொல்லிவிட்டார். மூச்சுக்காற்றில் ஆக்சிஜன் முப்பத்திரண்டு சதவீதம் இருக்க வேண்டும், சாதாரணக் காற்றோடு ஆக்சிஜனைச் சேர்த்து ஏற்றினால் போதும், அப்படிச் செய்தால் நீருக்கடியில் அதிக நேரம் இருக்கலாம் என்பது அவர் கணக்கு. சிலிண்டரை நம் கம்பெனியிலேயே நிரப்ப ஏற்பாடு செய்தது நீ. வீட்டில் அன்று கறிக்குழம்பு வைத்தார்கள் என்று மறுநாள் எனக்கும் கொண்டுவந்தாய். உன் அண்ணனுக்கு முதன்முறையாக ஒரு நிலையான வேலை. உனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று உன் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

மொத்த அழுத்தம் இருநூறு பார். முப்பத்திரண்டு சதவீதம் என்றால் அறுபத்து நான்கு. நீ ஒரு காகிதத்தில் போட்டாய், நான் மனதில் போட்டேன், இரண்டும் அறுபத்து நான்கு. எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் கழுவிய சிலிண்டரில் ஆக்சிஜனை அறுபத்து நான்கு வரைக்கும் மெல்ல ஏற்றினாய். ஆறவிட்டு, மேலே காற்றைத் திறந்து இருநூறுக்குக் கொண்டுபோனாய். உருட்டினாய். மாதிரி எடுத்து என் மீட்டரில் கொடுத்தால் நாற்பத்தாறு காட்டியது.

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மீட்டரில் கோளாறு என்று நான் சொன்னேன். வெறும் காற்றைக் காட்டிப் பார்த்தோம், சரியாக இருபத்தொன்று வந்தது. கலவை சேரவில்லை என்றாய் நீ. மறுபடி உருட்டினாய். தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, கோபத்தோடு, ஷெட்டின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உருட்டினாய். மறுபடியும் நாற்பத்தாறு. கணக்கைப் பார்த்தோம், கணக்கு சரி. கேஜைப் பார்த்தோம், கேஜ் சரி. எல்லாம் சரியாக இருந்து விடை மட்டும் தப்பாக இருந்தால் மனிதர்களுக்குப் பைத்தியம் பிடிக்குமா பிடிக்காதா?

சார் வந்தார். கம்பெனியைப் பார்த்துக்கொண்டவர். வந்ததும், "அந்த மீட்டர் எப்பவுமே ஒரு மாதிரிதான். கணக்கு சரின்னா அனுப்பிவிடுங்க, வண்டி நிக்குது" என்றார். வாசலில் உன் அண்ணன் ஆட்டோ பிடித்து வந்து காத்திருந்தார். மறுநாள் காலை முதல் பயணம். ஆக்சிஜன் அளவுக்கு மேல் போனால் ஆழத்தில் வலிப்பு வரும் என்று அந்த வெளிநாட்டுக்காரர் சொல்லியிருந்ததை நீ என்னிடம் முன்பே சொல்லியிருந்தாய்.

அப்போது நீ சொன்னது என் காதில் இன்னும் அப்படியே இருக்கிறது. "கணக்கும் சரி, மெஷினும் சரி. இன்னா தப்புனு எனக்குத் தெரியல சார். தெரியாம எங்கண்ணன் வாயில இத மாட்ட மாட்டேன்."

சார் குரலை உயர்த்தினார். எடுத்துப்போய்க் கொடு என்று ஆர்டரே போட்டார். நீ சிலிண்டரை வெளியே கொண்டுபோனாய். கொடுக்கத்தான் போகிறாய் என்று நானும் நினைத்தேன். முற்றத்தின் நடுவில் நிறுத்தி, "பீடி கீடி யாரும் பத்தவெக்காதீங்கோ" என்று சத்தம் போட்டுவிட்டு, வால்வைத் திறந்துவிட்டாய். அந்தச் சீறல் ஊரையே கூட்டியது. வால்வின் கழுத்தில் வெள்ளையாகப் பனி கட்டியது. உன் அண்ணன் ஓடிவந்து, "இன்னா பண்ற? லூசா நீ?" என்று கத்தினார். நீ அவரைப் பார்க்காமலே, "கணக்கு தப்பாப் பூச்சுண்ணா. இன்னிக்கி இல்ல" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அவர் அந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்.

பதில் அன்று மதியமே கிடைத்துவிட்டது. சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவள் அப்படியே மூடி வைத்தாய். "அடிப்பாவி, காத்துலயே ஆக்சிஜன் கீதே!" என்றாய். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டேன். ஆர்கான் என்றால் ஒரு சிலிண்டர், காற்று என்றால் ஒரு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். நம் கண்ணுக்குக் காற்று ஒரே வாயு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்தது, மீட்டரில் இருபத்தொன்றைப் பார்த்த பிறகும், நாள் முழுக்க வாயுவோடு புழங்கிய நமக்கு உறைக்கவில்லை. மேலே ஏற்றிய நூற்று முப்பத்தாறு பார் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது மட்டும் இருபத்தெட்டு பாருக்கு மேல். அறுபத்து நான்கோடு கூட்டினால் தொண்ணூற்று இரண்டரை. இருநூறில் அது நாற்பத்தாறு சதவீதம். மீட்டர் பாவம், உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. தனியாக ஏற்ற வேண்டிய ஆக்சிஜன் இருபத்தெட்டு பார்தான்.

சரியான கலவையை உடனே நிரப்ப ஓடினாய். அதற்குள் அந்த வெளிநாட்டுக்காரர் பாண்டிச்சேரிக்குப் போன் போட்டு, சிலிண்டரையும் மூழ்க ஓர் ஆளையும் சேர்த்தே வரவழைத்துவிட்டார். உன் அண்ணன் மறுபடி படகுக்கே போனார். சார் உன்னைத் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார். நீ பி.எட். சேர்ந்து, செய்யூர்ப் பக்கத்தில் டீச்சர் ஆனாய். அண்ணனும் நீயும் பேசிக்கொள்வதில்லை என்று தெரியும். கோபம் ஆறினால் சரியாகிவிடும் என்று இருந்தேன். உன் கல்யாணத்தில் அவர் பந்தி பரிமாறினார், உன் இலைப் பக்கம் மட்டும் வரவில்லை.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒருநாள் செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் நாம் சந்தித்தோமே. நான் அதற்குள் ஆழத்துக்கான கணக்கையும் படித்துவைத்திருந்தேன். திருவிடந்தைக்காரர்கள் அந்த முதல் பயணத்தில் போவதாக இருந்தது ஏழு பாகம் ஆழத்துக்கு என்று உன் அண்ணன் யாரிடமோ சொன்னதும் என் காதுக்கு வந்திருந்தது. ஒரு பாகம் என்பது கையை விரித்தால் வரும் நீளம். ஏழு பாகம் என்றால் சுமார் பதின்மூன்று மீட்டர். கடல்மட்டத்தில் அழுத்தம் ஒன்று, ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொன்று, ஆக மொத்தம் இரண்டே கால் சொச்சம். அதில் நாற்பத்தாறு சதவீதம் என்றால், ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். ஒன்றரையைத் தாண்டினால்தான் பயம். "உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுடி" என்றேன். சொன்ன பிறகுதான், இதை ஏன் சொன்னோம் என்று இருந்தது.

நீ கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டே, "அவன் ஏழுன்னா பதினாலு" என்றாய். "சின்ன வயசுலருந்து அப்படித்தான். எவ்ளோ ஆழம் போனேனு கேட்டா பாதி சொல்வான், அம்மா பயந்துக்கும்னு." பஸ்ஸில் உட்கார்ந்து பதினாலுக்கும் போட்டுப் பார்த்தேன். ஒன்றரையைத் தாண்டி நன்றாகவே மேலே போயிற்று. ஏழு என்றால் நீ செய்தது வீண், பதினாலு என்றால் நீ அவர் உயிரைக் காப்பாற்றியவள். நடுவில் எங்கே நின்றிருப்பார் என்று யாரைக் கேட்பது?

இவ்வளவையும் இன்று உன் அண்ணனிடம் சொன்னேன். மீட்டர், உருட்டல், சார் போட்ட ஆர்டர், நீ சொன்ன பதில், எல்லாவற்றையும். கடைசியில், "அவளுக்கு அப்போ தப்பு இன்னானு தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாதுண்ணா. சாப்பிடுறப்பதான் தெரிஞ்சுது."

"உங்க சார் அன்னிக்கி சாய்ங்காலம் போன்ல வேற மாரி சொன்னாரும்மா. உன் தங்கச்சி கணக்கத் தப்பாப் போட்டுட்டா, மாட்டிக்கக் கூடாதுனு தொறந்து வுட்டுட்டா, அதான் வேலைய வுட்டுத் தூக்கிட்டேன்னாரு. வூட்டுக்கு வந்தா, இவ பி.எட். படிக்கப் போறேன், நானே நின்னுட்டேன்றா. பொய் சொல்றானு ஆயிடுச்சு. தன் தப்ப மறைக்க என் பொழப்ப காத்துல வுட்டுட்டாளேனு..." முடிக்காமல் நிறுத்தினார். பெரிய உருவம், தோள் குலுங்குவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

"ஆழம் எவ்வளவுண்ணா போறதா இருந்தீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "ஏழுன்னாங்க. எறங்கினா நான் எங்க நின்னிருப்பேன்னு தெரிலயே. எறங்கவே இல்லியேம்மா" என்றார்.

ஏன்டி சொல்லவில்லை? இதுதான் எனக்கு விளங்கவில்லை. கையில் ஒரு வாக்கியம் இருந்தது. "சார் கொடுக்கச் சொன்னார், நான்தான் மாட்டேன்னேன்" என்று ஒருநாள், ஏதாவது ஒரு கிறிஸ்துமஸுக்கு, சொல்லியிருந்தால் போதும். ரோஷமா? தன் தங்கை எப்படிப்பட்டவள் என்று அண்ணனுக்கே தெரியாவிட்டால் நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும் என்ற திமிரா? அந்தத் திமிர் உனக்கு உண்டு. அல்லது, அவர் நேரே கம்பெனிக்கு வந்து சண்டை போடுவார், அதே கணக்கைப் போட்ட என் வேலையும் போகும் என்று பயந்தாயா? அப்படி இருந்தால் அதை என்னால் எங்கே வைக்க முடியும்? அல்லது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று என்னைப் போலவே நீயும் நினைத்துக்கொண்டு, தெரிந்தும் பேசவில்லையே என்று உள்ளுக்குள் வெந்தாயா? கடைசியாகச் சொன்னது உண்மையாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். ஒவ்வொன்றும் சரியாகத்தான் தோன்றுகிறது. எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை. உன் மேல் கோபம் கோபமாக வருகிறது, அழுகையும் வருகிறது.

நீ செய்தது சரியா என்று இப்போது கேட்டால், எத்தனை பாகம் என்று நான் கேட்க மாட்டேன். எந்த ஆழமானாலும் சரிதான், அது மட்டும் தெளிந்துவிட்டது.

உன் அண்ணன் கிளம்பும்போது அழைப்பு அட்டைகள் இருந்த பையை மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டார். படி இறங்கியவர் திரும்பி நின்றார். இதைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"உங்கிட்ட எல்லாம் சொல்வாளேம்மா. அவளுக்கு என் மேல கோவம் இருந்துச்சா? சாவறப்ப?"

நீ ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் நான் எத்தனையோ முறை வந்தேன். உன் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றிப் பேசினாய், சாத்துக்குடி புளிக்கிறது என்று பேசினாய். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

"இல்லண்ணா. துளிகூட இல்ல" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். தெரு முனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஜெபத்துக்கு வருகிறேன். அங்கே அவர் எல்லாரிடமும், உனக்குத் தன் மேல் கோபமே இல்லையாம் என்று சொல்லிக்கொண்டிருப்பார். நான் சொன்னது நிஜம்தானா என்று நீதான் சொல்ல வேண்டும், நீ சொல்லப்போவதில்லை.